வர்த்தகப் பெருமகனார் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார்

நம் சமூகத்துப் பெரியார்களின் வரலாறுகளை இவ்விதழில் எழுதுவது வழக்கம். இம்முறை நம் சமூகத்தைச் சேராத ஒருவரை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அன்பர்கள் வியப்படைய வேண்டாம். கடல் கடந்து வந்து கடை வைத்த தமிழன் எம்மதத்தவனாயினும், அவன் சம்பாதித்த பணம் பத்திரமாக ஊர் போய்ச் சேர வேண்டும், அவன் இறந்துபோனால் பிள்ளை குட்டிகள் தெருவில் நிற்கக்கூடாது என்ற இரண்டு கவலைகளையே தம் வாழ்நாள் தொழிலாக எடுத்துக்கொண்டவர் அவர். அவருடைய முடிவும் நம் ஜொகூருக்குப் பக்கத்திலேயே, பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் நேர்ந்தது. இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தோற்றுவித்தவரும், யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் ஸ்தாபனங்களை நடத்தியவருமான காலஞ்சென்ற எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரையே சொல்கிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சென்னையில் கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயர் கொடுத்த எம்.ஏ. சிதம்பரம் வேறு, இவர் வேறு. அவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் புதல்வர். இவர் சர் எம்.சிடி. முத்தையா செட்டியாரின் புதல்வர். இரு குடும்பத்தாருக்கும் ஊர் ஒன்றே, செட்டிநாட்டுக் கானாடுகாத்தான். நகரத்தார்களில் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதால், முன்னெழுத்துக்களாகிய விலாசத்தைக் கவனித்தால்தான் ஆளைப் பிரித்தறியலாம். நம்மவர்களிலும் ஒரே தெருவில் நான்கு முகம்மது இபுறாகீம்கள் இருந்து, கடைப் பெயரைச் சொன்னால்தான் இன்னார் என்று விளங்குவதில்லையா? அதுபோலத்தான்.

இவர் 1908-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி பிறந்தார். அக்காலத்தில் நகரத்தார்களின் தொழில் என்றால் கொடுக்கல் வாங்கலே. பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று எங்கும் கிட்டங்கிகள் வைத்து, பாய் விரித்துப் பெட்டியடியில் அமர்ந்து லேவாதேவி செய்தார்கள். பர்மாவில் அவர்கள் போட்ட முதல் மிகப் பெரிது. 1930-ல் உலகமெங்கும் விலைகள் வீழ்ந்தபோது நெல் விலையும் வீழ்ந்தது. கடன் வாங்கிய பர்மியக் குடியானவர்களால் கட்ட முடியவில்லை. ஈடாக எழுதிக் கொடுத்த நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. 1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் வைத்திருந்தவர்கள், 1938-ல் நூற்றுக்கு இருபத்தைந்து பங்குக்கு உடையவர்களானார்கள். நிலம் வந்தது, கூடவே மனக்கசப்பும் வந்தது. பிற்காலத்தில் அந்நிலம் கையை விட்டுப் போனது. கசப்பு மட்டும் நின்றது. இதை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

இப்படிப்பட்ட குலத்தொழிலில் பிறந்த சிதம்பரம் செட்டியார், இளம் வயதிலேயே குடும்பப் பொறுப்பை ஏற்றார். பாட்டன் காலத்துப் பெட்டியடியையே கட்டிக்கொண்டு அழ அவர் விரும்பவில்லை. தனி ஆள் தன் பணத்தைத் தனி ஆளுக்குக் கடன் கொடுப்பது ஒரு தலைமுறைக்குத்தான் ஓடும், பலருடைய சிறு பணத்தைச் சேர்த்துச் சட்டத்துக்குட்பட்ட கணக்கோடு நடத்தும் ஸ்தாபனமே நிற்கும் என்பதை அவர் செய்த காரியங்கள் ஒவ்வொன்றும் காட்டுகின்றன. இன்ஷூரன்ஸ், பாங்கு, ஆலை ஆகிய மூன்றிலும் அவர் கை வைத்தார்.

இன்ஷூரன்ஸ் கதை சுவையானது. இந்தியாவில் முதலில் ஆயுள் இன்ஷூரன்ஸ் நடத்தியவை ஐரோப்பியக் கம்பெனிகள். வெள்ளைக்காரன் உயிருக்கு ஒரு விலை, இந்தியன் உயிருக்கு ஒரு விலை என்று வைத்திருந்தன. இந்தியர்களை எடுத்துக்கொள்வதே அரிது. எடுத்துக்கொண்டாலும் கூடுதல் பிரிமியம் கட்டவேண்டும். 1870-ல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல்தான் இந்தியர்களையும் வழக்கமான விகிதத்தில் முதன்முதலில் ஏற்றுக்கொண்டது. பின்னர் சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டபோது, 1906-ல் சென்னையில் யுனைடெட் இந்தியா ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனி தோன்றியது.

அதே 1906-ல்தான் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது என்பதையும் நினைவூட்ட விரும்புகிறோம். பெரிய வெள்ளைக்காரக் கம்பெனி. அரசாங்கமே அசைந்தாலும் அது அசையாது என்று நம்பி உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் கோயில்களும் பணம் போட்டிருந்தார்கள். ஒரே நாளில் கதவை மூடியது. அதன் முதலாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். போட்டவர்களுக்குப் போன பணம் போனதுதான். அந்தச் சூடு பட்ட பிறகே தென்னாட்டார், நம் பணத்தை நாமே பாதுகாப்போம் என்று கிளம்பி 1907-ல் இந்தியன் பாங்கை ஆரம்பித்தார்கள். சிதம்பரம் செட்டியார் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

யுனைடெட் இந்தியா பின்னர் அவர் தலைமைக்கு வந்தது. தென்னாட்டின் பெரிய ஆயுள் இன்ஷூரன்ஸ் ஸ்தாபனமாக வளர்ந்தது. அக்காலத்தில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு என்றாலே ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சாவைப் பற்றிப் பேச வருகிறானே, வீட்டுக்கு அபசகுனம் என்பார்கள். அந்த மனத்தடையைக் கடந்து ஜில்லா ஜில்லாவாக, கிராமம் கிராமமாகப் பாலிசி எடுக்கச் செய்வது சாமானியமான வேலையல்ல. 1938 பிப்ரவரி 18-ல் தீ, கடல், பொது விபத்துக்களுக்காக யுனைடெட் இந்தியா தீ மற்றும் பொது இன்ஷூரன்ஸ் கம்பெனியும் பதிவாயிற்று. அதே ஆண்டில்தான் இந்தியாவில் எல்லா வகை இன்ஷூரன்ஸையும் ஒரு கட்டுக்குள் கொண்டுவந்த இன்ஷூரன்ஸ் சட்டமும் வந்தது. பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமான கடைத்தெருக்களை அறிந்த மலாயா வியாபாரிகளுக்குத் தீ இன்ஷூரன்ஸ் என்றால் என்னவென்று நாம் விளக்கத் தேவையில்லை. ஒரு கடையில் மண்ணெண்ணெய் விளக்கு சாய்ந்தால் ஒரு வரிசையே போகும்.

நமக்கு மிக நெருங்கிய காரியத்துக்கு வருவோம். 1937 பிப்ரவரி 10-ந் தேதி இந்தியன் ஓவர்சீஸ் பாங்கு தொடங்கப்பட்டது. ஒரே நாளில் மூன்று ஊர்களில் கதவு திறந்தது: காரைக்குடி, சென்னை, ரங்கூன். பின்னாலேயே பினாங்கும் சிங்கப்பூரும் சேர்ந்தன. இந்த ஊர்களைச் சற்று உற்றுக் கவனியுங்கள். பம்பாயும் கல்கத்தாவும் அல்ல. ஊரில் காத்திருக்கும் குடும்பம் ஒரு முனை, அக்கரையில் உழைக்கும் ஆண்மகன் மறு முனை. இரண்டையும் இணைக்கக் கயிறு கட்டியது போன்ற ஏற்பாடு. வெளிநாட்டு வாணிபமும் நாணய மாற்றுமே தன் தனித் தொழில் என்று அந்தப் பாங்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொண்டது. பெயரிலும் தம் குடும்பத்தையோ குலத்தையோ அவர் வைக்கவில்லை. செட்டியார் பாங்கு என்று பெயர் வைத்திருந்தால் தொண்டிக்காரரும் முத்துப்பேட்டைக்காரரும் படியேறத் தயங்கியிருப்பார்கள்.

அதற்கு முன் நம்மவர்கள் எப்படிப் பணம் அனுப்பினார்கள்? பாலோ போன்ற ரயில் பாதை ஊர்களில் கடை வைத்திருந்தவர்கள், தோட்டத்துச் சம்பள நாளில் கடன் வசூலித்து, மாதக் கடைசியில் ஒரு தொகையை ஒதுக்குவார்கள். ஊருக்குக் கப்பலேறும் ஆள் யாரேனும் இருந்தால் மடியில் கட்டிக் கொடுத்து அனுப்புவது ஒரு வழி. செட்டியார் கிட்டங்கியில் உண்டியல் வாங்குவது ஒரு வழி. தபால் மணியார்டர் இன்னொரு வழி. கடைப் பையன்களோ சம்பளத்தை முதலாளியிடமே விட்டு வைத்திருப்பார்கள். மூன்று நான்கு வருடம் கழித்துப் பயணம் புறப்படும்போது மொத்தமாகக் கணக்கு முடிப்பார்கள். முதலாளி நல்லவராயிருந்து உயிரோடும் இருந்தால் பணம் கிடைக்கும். நொடித்துப்போனால் பையனும் சேர்ந்து நொடித்தான்.

அந்நாளில் ஒரு வெள்ளிக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ், ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று விகிதம் கட்டப்பட்டிருந்தது. கணக்குப் பார்த்தால் நூறு வெள்ளிக்கு நூற்றைம்பத்தைந்து ரூபாய் எட்டணா சொச்சம் வரவேண்டும். இடைத்தரகர் கையில் போய் வரும்போது இந்த எட்டணாவும், அதோடு சில ரூபாயும் கரைந்துவிடும். இங்கொரு கிளையும் அங்கொரு கிளையும் உள்ள பாங்கில் டிராப்டு வாங்கினால், அன்றைய விகிதம் கரும்பலகையில் எழுதியிருக்கும். கையில் ரசீது இருக்கும். கப்பலில் போனவன் கொடுத்தானா இல்லையா என்று ஆறு மாதம் கடுதாசிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. படிப்பறியாத வியாபாரிக்கும் இது விளங்கிற்று.

பாங்கு தொடங்கிப் பதினாறே மாதத்தில் பெரிய சோதனை வந்தது. 1938 ஜூனில் திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பாங்கு முறிந்தது. தென்னிந்தியாவின் மிகப் பெரிய பாங்குகளில் ஒன்று அது. அதன் தலைவர்கள் சிறைப்பட்டனர். செய்தி பரவியதும் தென்னாட்டில் பாங்கு என்ற பெயருள்ள எதன் வாசலிலும் ஜனங்கள் கூடினார்கள். வயதான பாங்குகளே ஆடிப்போன நேரத்தில், பால்குடி மறவாத ஒரு பாங்கு தாக்குப் பிடித்து நின்றது. முப்பது வயது நிறையாத ஒருவர் அதன் தலைமையில் இருந்தார் என்பதை நினைத்தால் நமக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

அடுத்த சோதனை யுத்தம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. கடல் கடந்த வியாபாரத்துக்கென்றே பிறந்த பாங்குக்குக் கடலே அடைபட்டுப் போயிற்று. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை கடந்து கால்நடையாக ஊர் திரும்பினார்கள். வழியில் மாண்டவர்களுக்குக் கணக்கே இல்லை. மலாயாவிலிருந்த நம்மவர்கள் மூன்றரை ஆண்டு வாழைமரப் படம் போட்ட நோட்டை வைத்துக்கொண்டு திண்டாடியதை முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஊருக்கு ஒரு காசு அனுப்ப வழியில்லை. ஊரிலிருந்து ஒரு வரி கடுதாசி வர வழியில்லை.

யுத்தம் முடிந்து கிளைகள் மீண்டன. 1947-ல் இந்தியா விடுதலை பெற்றபோது அந்தப் பாங்குக்கு இந்தியாவில் 38 கிளைகளும் வெளிநாடுகளில் 7 கிளைகளும் இருந்தன. டெபாசிட்டு 6 கோடியே 64 லட்சம் ரூபாய். கடனாகக் கொடுத்திருந்தது 3 கோடியே 23 லட்சம். பாதிக்குக் குறைவாகவே கடன் கொடுத்திருக்கிறார்கள் என்பதை வியாபாரிகளான நம் வாசகர்கள் உடனே கவனிப்பார்கள். இரண்டு முறிவுகளும் ஒரு யுத்தமும் கற்றுக்கொடுத்த பாடம் என்றே அதை நாம் கொள்கிறோம்.

ஆலைத் தொழிலிலும் அவர் நுழைந்தார். 1946-ல் திருவாங்கூரில் பெரும்பாவூருக்கருகே பெரியாற்றங்கரையில் திருவாங்கூர் ரேயான்ஸ் ஆலைக்கு அடிகோலப்பட்டது. 1950-ல் நூல் வந்தது. மரக்கூழைக் காரத்தில் கரைத்து, நுண்ணிய துளைகள் வழியாகப் பிதுக்கி நூலாக்கும் இந்தச் செயற்கைப் பட்டை இந்தியாவில் முதலில் செய்தது அந்த ஆலைதான். ஜவுளி வியாபாரிகளுக்கு அதன் அருமை தெரியும். அதுவரை அந்த நூல் வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அந்த ஆலை இன்று இல்லை. ஊருக்கு மட்டும் ரேயான்புரம் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அறப்பணி பற்றிச் சொல்ல வேண்டும். வியாபாரத்தில் வருவதில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்குவது நகரத்தார் மரபு. நம் ஊர்களிலும் பள்ளிவாசல்களுக்கும் மதரஸாக்களுக்கும் கடைத்தெருவில் மகமை வைத்திருந்த வழக்கம் உண்டு, சொல்லும் அதேதான். இவருடைய குடும்பத்தார் மகமையைக் கோயிலோடு நிறுத்திவிடவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுவந்தார்கள். சென்னைப் புரசைவாக்கத்தில் தகப்பனார் சர் முத்தையா செட்டியார் பெயரில் ஆண்களுக்கும், அன்னையார் லேடி முத்தையா செட்டியார் பெயரில் பெண்களுக்கும் உயர்தரப் பள்ளிகள் உண்டு. பெண் பிள்ளைகளுக்கென்று தனியாகப் பள்ளிக்கூடம் வைத்ததை நாம் இங்கே அழுத்திச் சொல்கிறோம். ஏன் அழுத்துகிறோம் என்பது நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். இவர் பெயரிலும் பின்னாளில் மயிலாப்பூரில் பள்ளிக்கூடம் ஏற்பட்டது.

ஆனால் இவருடைய தொண்டு பள்ளிக்கூடத்தைவிட அவர் தொழிலிலேயே அதிகம் இருந்தது என்பது நம் அபிப்பிராயம். இங்கே வாசகர்களில் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். வட்டியும் இன்ஷூரன்ஸும் நம் மார்க்கம் ஒப்பாத காரியங்களாயிற்றே, அவற்றை நடத்தியவரை நாம் ஏன் புகழ வேண்டும் என்பார்கள். நியாயமான கேள்வி. வட்டியைப் பற்றி நமக்குள் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆயுள் இன்ஷூரன்ஸையும் மலேசியத் தேசிய ஃபத்வா கமிட்டி 1972-ல் ஆராய்ந்து, அப்போதிருந்த முறை செல்லத்தக்க முஆமலா அல்ல என்று தீர்ப்புச் செய்தது. ஆனால் தீர்ப்போடு நம் நாட்டு ஆலிம்களும் அறிஞர்களும் கைகட்டி இருந்துவிடவில்லை. குடும்பத் தலைவன் மௌத்தானால் பிள்ளைகள் கதி என்ன என்ற கேள்வி அப்படியே நின்றதல்லவா? 1984-ல் தக்காஃபுல் சட்டம் வந்தது. 1985-ல் முதல் தக்காஃபுல் ஸ்தாபனம் வேலை தொடங்கியது. பலர் தபர்ருவாக, அதாவது நன்கொடையாகப் போடுகிறார்கள். கஷ்டப்பட்டவருக்கு அதிலிருந்து கொடுக்கப்படுகிறது. வழி வேறு. சிதம்பரம் செட்டியார் கையிலெடுத்த கவலை அதேதான். அந்தக் கவலையைத்தான் மதிக்கிறோம்.

1953-ல் சென்னை மவுண்ட் ரோடில் யுனைடெட் இந்தியாவுக்காக ஒரு கட்டடம் எழும்பத் தொடங்கியது. சென்னையில் அதுவரை எவரும் கண்டிராத உயரம், 177 அடி. லண்டனிலிருந்து நிபுணர்கள் வந்து வரைபடம் போட்டார்கள். இரண்டு மூன்று மாடிக்கு மேல் அறியாத பட்டணத்தில், இது நிற்குமா சாயுமா என்று ஜனங்கள் தெருவில் நின்று வாதாடிய காலம் அது.

கட்டடம் முடிவதற்குள் அவர் முடிந்துவிட்டார். 1954 மார்ச் 13-ந் தேதி, ஆஸ்திரேலியாவிலிருந்து ஜகார்த்தா வழியாக லண்டன் செல்லும் பிரிட்டிஷ் விமானமொன்று சிங்கப்பூர்க் காலாங் விமான நிலையத்தில் இறங்க வந்தது. ஓடுபாதைக்குச் சற்று முன்னாலிருந்த கடற்சுவரில் மோதி, இறக்கை பிய்ந்து, கவிழ்ந்து தீப்பற்றியது. நாற்பது பேரில் முப்பத்து மூவர் மாண்டனர். பிரயாணிகள் முப்பத்தொருவரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பிழைத்த எழுவரும் விமானச் சிப்பந்திகள். அந்தப் பிரயாணிகளில் சிதம்பரம் செட்டியாரும் ஒருவர். விசாரணை நடந்தது, விமானியின் களைப்பைப் பற்றியும் மீட்பு வேலையின் குறைகளைப் பற்றியும் பேசப்பட்டது. மாண்டவர்களுக்கு அதனால் என்ன? அவருக்கு அப்போது வயது நாற்பத்தைந்து. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் திடீர் மரணத்துக்கெதிராகக் காப்புச் செய்துகொடுத்தவருக்குத் திடீர் மரணமே வந்தது. அல்லாஹ்வின் நாட்டத்தை யார் அறிவார்!

அவர் கட்டியவை ஒவ்வொன்றாகக் குடும்பத்தின் கையைவிட்டுச் சர்க்கார் கைக்குப் போயின. 1956 ஜனவரியில் அவசரச் சட்டம் போட்டு இந்திய அரசாங்கம் ஆயுள் இன்ஷூரன்ஸைத் தேசியமயமாக்கியது. 245 ஸ்தாபனங்கள் ஒன்றாக்கப்பட்டு, செப்டம்பர் முதல் தேதி எல்.ஐ.சி. பிறந்தது, யுனைடெட் இந்தியா ஆயுள் கம்பெனியும் அதில் கரைந்தது. மவுண்ட் ரோடுக் கட்டடம் 1959 ஆகஸ்டில் எல்.ஐ.சி. கட்டடமாகவே திறக்கப்பட்டது. ஊருக்குப் போகும் நம் அன்பர்கள் அதைப் பார்க்காமல் வந்திருக்கமாட்டார்கள். யார் ஆரம்பித்தது என்று கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம். 1963-ல் பர்மா அரசாங்கம் அங்கிருந்த பாங்குகளையெல்லாம் எடுத்துக்கொண்டது. ரங்கூன் கிளை போயிற்று. 1969-ல் இந்தியாவில் பதினான்கு பாங்குகள் தேசியமயமாயின. இந்தியன் ஓவர்சீஸ் பாங்கும் அவற்றில் ஒன்று. பொது இன்ஷூரன்ஸ் 1973-ல் முழுவதும் அரசாங்கத்தினுடையதாயிற்று. அதில் மட்டும் யுனைடெட் இந்தியா என்ற பெயர் அழியவில்லை. வேறு பல கம்பெனிகள் அதற்குள் வந்து சேர்ந்தன.

இதன் எதிரொலி மலேசியாவிலும் கேட்டது. வெளிநாட்டு அரசாங்கத்துக்குச் சொந்தமான பாங்கு இங்கே கிளை நடத்தக்கூடாதென்பது அன்று நம் நாட்டுச் சட்டமாயிருந்தது. எனவே தேசியமயமான இந்தியன் ஓவர்சீஸ் பாங்கு 1973-ல் தன் ஐந்து மலேசியக் கிளைகளையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அவையும் வேறு இந்தியப் பாங்குகளின் கிளைகளும் சேர்ந்து யுனைடெட் ஏஷியன் பாங்கு என்று ஆயின. அதுவும் 1990-களில் வேறொரு மலேசிய பாங்கோடு இணைந்து பெயர் மறைந்தது. 2012-ல் கோலாலம்பூரில் இந்தியா இன்டர்நேஷனல் பாங்கு என்ற பெயரில் மூன்று இந்தியப் பாங்குகள் கூட்டாகக் கதவு திறந்தபோது, அவற்றில் ஒன்றாக மீண்டும் வந்தது காரைக்குடியில் தொடங்கிய அதே பாங்குதான்.

காலாங் விமான நிலையம் அந்த விபத்துக்கு அடுத்த ஆண்டே மூடப்பட்டது. அதன் ஓடுபாதை இருந்த வட்டாரம் இன்று பெரிய சாலைகளும் விளையாட்டரங்கமுமாக இருக்கிறது. பாலோவிலிருந்து சரக்கு வாங்கச் சிங்கப்பூர் போகும் நம் வியாபாரிகள் அவ்வழியேதான் போய்வருகிறார்கள்.